ஆர்மோனியம் பழகிய கைகளுக்கு மிடி கீபோர்டு: கணினியில் முதன்முறையாக அமைத்துக்கொள்ளும் முறை

பஜனை சம்பிரதாயத்துக்கு ஒழுங்கு வகுத்த சத்குரு சுவாமிகளின் மருதாநல்லூர் கும்பகோணத்துக்கு அருகில்தான் இருக்கிறது. அந்த மரபு தழைத்த காவிரிப் படுகையில், மார்கழி மாத வீதி பஜனைக்கும் கோயில் விழாக் கச்சேரிக்கும் ஆர்மோனியம் வாசிப்பவர்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தாங்கள் மெட்டமைத்த பாடலை வீட்டிலேயே பதிவு செய்து பார்க்க விரும்பி ஒரு மிடி கீபோர்டை வாங்குகிறார்கள். அதைக் கணினியுடன் இணைப்பது எளிது. ஆனால், ஆர்மோனியத்தில் துருத்தியை இயக்கிப் பழகிய இடது கைக்குப் புதிய கருவியில் என்ன வேலை என்பதைப் பெரும்பாலான விளக்கங்கள் சொல்வதில்லை. அந்தக் கைக்கு உரிய வேலையை முதல் நாளிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்த விளக்கம் அதற்குக் கூடுதல் இடம் தருகிறது.

முதலில் ஓர் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். மிடி கீபோர்டுக்குள் ஒலி கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பன போன்ற செய்திகளை மட்டுமே அது கணினிக்கு அனுப்புகிறது. அந்தச் செய்தி சுரம் எழுதிய தாளைப் போன்றது, அதைப் படித்து ஒலியாக்குவது கணினியிலுள்ள மென்பொருள் கருவி. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக உருவான மிடி என்ற இந்த முறை 1983ஆம் ஆண்டு அறிமுகமானது. அதன் அடிப்படை எண்கள் இன்றும் மாறவில்லை: சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள், அவற்றில் நடு ஸ்தாயியில் ஒரு கட்டை சுருதியின் சட்ஜமத்துக்கு (மேற்கத்திய இசையின் சி) உரிய எண் 60. புதிதாக இணைத்த கீபோர்டிலிருந்து ஒலி வரவில்லை என்றால், கருவி பழுது என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கீபோர்டு 25, 37, 49, 61, 88 கட்டைகள் என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ஆர்மோனியம் வாசித்தவருக்கு 37 அல்லது 49 கட்டைகள் போதுமானவை. கட்டைகளின் எண்ணிக்கையைவிட, இடது ஓரத்தில் இரண்டு சக்கரங்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது முக்கியம். விலை குறைந்த சில சிறிய கீபோர்டுகளில் சக்கரத்துக்குப் பதிலாகத் தொடுபட்டையோ சிறிய குச்சியோ இருக்கும். இந்த விளக்கத்துக்குச் சக்கரம் உள்ளதே பொருத்தமானது.

பாடலைப் பதிவு செய்யும் மென்பொருளாக ரீப்பரை எடுத்துக்கொள்கிறேன். அதை 60 நாட்கள் கட்டணமின்றிப் பயன்படுத்திப் பார்க்கலாம், பழைய லேப்டாப்பிலும் அது தடுமாறாமல் இயங்கும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் படிகளின் வரிசை இதுவே, பட்டியல்களின் பெயர்கள் மட்டும் மாறும்.

கீபோர்டை யூ.எஸ்.பி கேபிளால் கணினியுடன் இணைத்த பிறகு ரீப்பரைத் திறவுங்கள். இன்று விற்கப்படும் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. ஆப்ஷன்ஸ் பட்டியலில் பிரிஃபரன்ஸஸ் என்பதைத் திறந்து, மிடி கருவிகளுக்கான பக்கத்துக்குச் செல்லுங்கள். உள்ளீட்டுப் பட்டியலில் உங்கள் கீபோர்டின் பெயர் இருக்கும். அதன் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, உள்ளீட்டை இயக்கும் தேர்வையும், கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கான உள்ளீட்டை இயக்கும் தேர்வையும் குறியிடுங்கள். இரண்டாவது தேர்வைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சக்கரங்களைக் கொண்டு ஒலியளவை ஆள நமக்கு அது பிறகு தேவைப்படும்.

அதே பிரிஃபரன்ஸஸ் சாளரத்திலேயே ஒலிக் கருவிக்கான பக்கம் இருக்கிறது. விண்டோஸ் கணினியாக இருந்தால் அங்கே, ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் (கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிப் பெட்டி) வைத்திருந்தால் அதனுடன் அந்த டிரைவர் கிடைத்திருக்கும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் என்பதை நிறுவிக்கொள்ளலாம். மேக் கணினியில் இந்த வேலை இல்லை. அடுத்து பஃபர் அளவு, அதாவது கணினி ஒலியை ஒரு தடவைக்கு எத்தனை மாதிரிகளாகச் சேர்த்து அனுப்புகிறது என்ற எண். கட்டையை அழுத்துவதற்கும் ஒலி காதில் விழுவதற்கும் இடையிலான தாமதம் பெரும்பாலும் இந்த எண்ணைச் சார்ந்தது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், பஃபர் 1024 ஆக இருந்தால் அதனால் மட்டும் சுமார் 23 மில்லி நொடி தாமதம் சேரும். 256 ஆக இருந்தால் சுமார் 6 மில்லி நொடி. 256இல் தொடங்குங்கள். ஒலியில் வெடிப்புச் சத்தம் கேட்டால் 512க்கு உயர்த்துங்கள். புளூடூத் ஹெட்போனை வாசிக்கும்போது பயன்படுத்தவே கூடாது: மற்ற எல்லாவற்றையும் சரியாக அமைத்தாலும், அதிலுள்ள தாமதம் தாளத்தோடு ஒட்ட விடாது.

இப்போது கன்ட்ரோல் விசையையும் டி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு புதிய டிராக் தோன்றும். அதிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பதிவுக்குத் தயார் நிலையில் வையுங்கள். உள்ளீட்டுப் பட்டியலில் மிடி, அதில் எல்லா மிடி உள்ளீடுகள், அதில் எல்லாச் சேனல்கள் என்று தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்.எக்ஸ் பொத்தானை அழுத்தி, ரீப்பருடனேயே வரும் ரீசின்த் என்ற கருவியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் ஒலி எளிமையானது என்றாலும் இணைப்பைச் சோதிப்பதற்கு அதுவே நல்லது. ஒரு கட்டையை அழுத்துங்கள். டிராக்கின் அளவுமானி அசைந்தும் ஒலி வரவில்லை என்றால் குறை ஒலி வெளியீட்டில் இருக்கிறது; அளவுமானியே அசையவில்லை என்றால் மிடி உள்ளீட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

சோதனைக்கு, பதிவைத் தொடங்கி, சரளி வரிசையின் ராகமான மாயாமாளவகௌளையை வாசித்துப் பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் அதன் ஆரோகணம் 60, 61, 64, 65, 67, 68, 71, 72 என்ற எண்களாகப் பதிவாகும். பதிவான துண்டை மவுஸால் இருமுறை தட்டித் திறந்தால் ஒவ்வொரு சுரமும் ஒரு சிறு பட்டையாகத் தெரியும்.

அந்தப் பட்டைகளோடு, ஒவ்வொரு சுரமும் எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது என்பதைக் காட்டும் எண்ணும் பதிவாகியிருக்கும். ஆர்மோனியக்காரர்களுக்கு இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஆர்மோனியத்தில் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒலி ஒன்றுதான், ஏற்ற இறக்கம் முழுவதும் துருத்தியில் இருக்கிறது. மிடி கீபோர்டில் பியானோ போன்ற ஒலியை வாசிக்கும்போது வலது கை விரல்களின் வேகமே ஒலியளவைத் தீர்மானிப்பதால், வாசிப்பு சீரற்றுக் கேட்கிறது. அப்போது இடது கை சும்மா இருக்கிறது.

இதற்குத் தீர்வு இடது ஓரத்துச் சக்கரங்களில் இருக்கிறது. ஒன்று பிட்ச் வீல்; விட்டவுடன் தானாக நடுவுக்குத் திரும்பும். மற்றொன்று மாடுலேஷன் வீல். நிறுத்திய இடத்திலேயே நிற்கும். இந்த இரண்டாவது சக்கரத்தைத் துருத்தியாக்கிக்கொள்ளலாம். ரீசின்த் சாளரத்தில் ஒலியளவுக்கான நகர்த்தியை ஒருமுறை தொட்டுவிட்டு, மேலேயுள்ள பாரம் (Param) பொத்தானில் லேர்ன் என்பதைத் தேர்ந்தெடுத்து, சக்கரத்தைச் சற்று அசைத்து, ஓகே கொடுங்கள். இனி சக்கரம் மேலே போகும்போது ஒலி பெருகும், கீழே வரும்போது தணியும், அடியில் நின்றால் ஒலி இராது. ஆர்கன், குழல், வயலின் போன்ற நீள ஒலிக்கும் கருவிகளில் பலவும், கூட்டிக் குறைப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட 11ஆம் எண் கட்டுப்பாட்டை ஏற்கின்றன. கீபோர்டின் அமைப்பில் சக்கரத்துக்கு அந்த எண்ணைக் கொடுக்க முடிந்தால் அது இன்னும் நல்லது. ஒரு நாமாவளியை வலது கையால் வாசித்து, இடது கையால் சக்கரத்தைப் பாடல் வரியின் எடுப்பில் உயர்த்தி முடிவில் தணித்துப் பாருங்கள். துருத்தி பழகிய கைக்கு மூச்சு எங்கே விட வேண்டும் என்பது ஏற்கெனவே தெரியும். பியானோ மட்டும் கற்றவர் நெடுநாள் முயன்று பெறும் திறமை இது.

பிட்ச் வீல் ஆர்மோனியத்தால் முடியாத ஒன்றைச் செய்கிறது: சுரத்தை வளைக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அதன் வீச்சு மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள் என்று இருக்கும், முழு அசைவும் 16,384 நுண்படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கமகத்துக்கு இது போதும். ஆனால் பிட்ச் வீலின் செய்தி ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களுக்கும் சேர்த்தே போகிறது. ஒரே டிராக்கில் சுருதியையும் பிடித்துக்கொண்டு காந்தாரத்தை அசைத்தால் சுருதியும் சேர்ந்து அசையும். ஆகவே சுருதிக்குத் தனி டிராக்கை உருவாக்கி, சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அதில் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பாடுபவரின் சுருதி ஐந்து கட்டை என்றால், ஒரு கட்டையில் வாசித்தபடியே கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானால் ஏழு அரைச்சுரங்கள் உயர்த்தலாம், அல்லது ஐந்து அரைச்சுரங்கள் இறக்கலாம். நாதஸ்வரத்தை உடன் பதிவு செய்வதாக இருந்தால் கணினியே அதற்கு இணங்க வேண்டும். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்யப்படும் அந்தக் கருவியின் சுருதியை அவ்விடத்தில் மாற்ற இயலாது, மேலும் அது கணினியின் அளவுக்கு மிகச் சரியாக ஒத்திருக்கும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. மென்பொருள் கருவியின் நுண்சுருதி அமைப்பில், ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த சென்ட் அளவால் ஏற்றி இறக்கிக் காதால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைப் பதிவுக்கு முன்பே செய்ய வேண்டும்.

தாளத்துக்கு, நான்குக்கு நான்கு என்ற அமைப்பில் இரண்டு பார்கள் சேர்ந்தால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம். மிச்ர சாபுக்கு ஏழுக்கு எட்டு. தாளக்கட்டில்லாமல் விருத்தம் பாடும் பகுதிக்கு மெட்ரோனோமை (தாளம் தட்டும் ஒலியை) அணைத்துவிடுங்கள், அங்கே குவான்டைஸ் செய்வதும் (சுரங்களைத் தாளத்தின் கட்டங்களுக்கு நகர்த்திச் சீராக்குவதும்) வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இடி இடிக்கும்போது லேப்டாப்பின் அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு பேட்டரியில் வாசியுங்கள். ஒலிபெருக்கியில் இடைவிடாத ரீங்காரம் கேட்டு, அடாப்டரை எடுத்தவுடன் அது நின்றால், வீட்டின் எர்த் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் காட்டுவது நல்லது.

பதிவு முடிந்ததும் கன்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்திச் சேமித்து, ஃபைல் பட்டியலில் ரெண்டர் என்பதைத் திறந்து, வேவ் வடிவம், 44,100, 24 பிட் என்று தேர்ந்தெடுத்து ஒலிக்கோப்பை உருவாக்குங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு ஸ்டுடியோவில் பாடலை முடிக்க எண்ணினால், அதே ஃபைல் பட்டியலிலிருந்து மிடி கோப்பையும் தனியாக ஏற்றுமதி செய்து எடுத்துச் செல்லுங்கள்: அங்கே உள்ளவர்கள் நீங்கள் வாசித்த சுரங்களையும் சக்கரத்தின் அசைவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.