சத்துத் தின்பண்டம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மந்தபோசணையுள்ள பிள்ளைகளுக்கென்று தின்பண்டம் செய்யத் தொடங்குபவர்களைக் கேட்டால், முதலில் பொருட்களைத்தான் அடுக்குவார்கள்: குரக்கன், பயறு, எள்ளு, முருங்கையிலை, பனங்கட்டி. யாழ்ப்பாணத்தில் இவற்றுக்குக் குறைவில்லை. ஆனால் சத்தைக் கணக்குப் பார்க்க வேண்டியது அரைக்கிற அன்றைக்கு அல்ல. இரண்டு மாதம் கழித்து ஒரு பிள்ளை பைக்கற்றைப் பிரித்துத் தின்னும்போது என்ன மிஞ்சியிருக்கிறது என்பதே கேள்வி.

ஆகப் பெரிய தவறு கச்சானில்தான் நடக்கிறது. ஈரம் பட்ட, சுருங்கிய, நிறம் மாறிய கச்சானை விலை குறைவென்று வாங்கிவிட்டு, வறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். வறுத்தால் பூஞ்சணம் சாகும். அது விட்டுப்போன அப்லாடொக்சின் முழுதாக அழியாது. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது, சோளத்திலும் வரும். அரைத்த பிறகு கூடாத பருப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஆகவே முதலிலேயே பொறுக்கி எறிய வேண்டும். பெரிய அளவில் செய்பவர்கள் ஆய்வுகூடப் பரிசோதனைக்குக் காசு ஒதுக்கத்தான் வேண்டும். மாரி காலத்தில் சாக்கை வெறும் சீமெந்துத் தரையில் அடுக்குவதும் இந்த நஞ்சுக்கு வழிவிடும்.

அடுத்தது ஈரம். தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று சொல்வது போதாது. உணவில் நுண்ணுயிர் பயன்படுத்தக்கூடிய நீர் எவ்வளவு என்பதை நீர்ச்செயற்பாடு என்ற அளவால் பார்ப்பார்கள். அது 0.6க்குக் கீழே இருந்தால் பூஞ்சணமும் வளராது. பச்சைத் தேங்காய்ப்பூ போட்ட உருண்டை எவ்வளவு ருசியென்றாலும் இதற்குள் வராது. கடும் மந்தபோசணைக்குக் கொடுக்கும் பிளம்பிநட் என்ற பசை உணவைப் பாருங்கள்: கச்சான், பால்மா, சீனி, எண்ணெய், விற்றமின், கனியுப்புகள். தண்ணீர் சேர்ப்பதில்லை, அதனால் குளிரூட்டி இல்லாமலே நிற்கிறது. 92 கிராம் பைக்கற்றில் ஏறத்தாழ 500 கிலோகலோரி.

அந்தக் கடைசிக் கணக்கை, அதாவது கலோரியை, இங்கே பலர் யோசிப்பதில்லை. நார்ச்சத்து நிறைந்த குரக்கன் மாவையே அள்ளிப் போட்டால், மெலிந்த பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிடும், சக்தி போதாது. கச்சானோ எள்ளோ கூட வேண்டும். எண்ணெய்ச்சத்து கூடினால் பழசு மணம் சீக்கிரம் வரும் என்பது உண்மைதான். அதற்காக எண்ணெய்ச்சத்தைக் குறைக்காமல், கடையில் வெயிலில் தொங்கும் மெல்லிய பொலித்தீன் பையை மாற்றுங்கள். ஒளியும் காற்றும் புகாத அலுமினிய உறை வேண்டும்.

பனம்பொருள் என்றால் எல்லாமே சத்து என்று நாம் பெருமைப்படுவோம். பனங்களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டு விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பனங்களியின் கசப்புக்குக் காரணம் பிளபெலிபெரின் என்ற பொருள்; கசப்பான களியைத் தின்ற எலிகளின் எடை குறைவாகவே கூடியதாக இலங்கை ஆய்வுகள் காட்டியுள்ளன. எடை ஏற வேண்டிய பிள்ளைக்கான பண்டத்தின் அடிப்படையாக அதை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பனங்கட்டி நல்லது, ஆனால் அதுவும் இனிப்புத்தான். "சீனி சேர்க்கவில்லை" என்று சொல்லி அள்ளிப்போட வேண்டாம்.

இரும்புச்சத்துக்கென்று பயறும் முருங்கையிலையும் சேர்த்துவிட்டு, பின்னேரத் தேத்தண்ணியோடு சாப்பிடச் சொல்வது இன்னொரு வேடிக்கை. தேயிலை அந்த இரும்பை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். கொய்யாப்பழத்தோடு கொடுத்தால் உதவும். பயறை முளைக்கவைத்து, காயவைத்து, வறுத்து அரைத்தால் இன்னும் நல்லது. முருங்கையிலையை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் விற்றமின் ஏ சத்து வீணாகும்.

பைக்கற்றில் "மந்தபோசணையுள்ளோருக்கு" என்று அச்சடித்தால், பதினாறு வயதுப் பிள்ளை அதை ரியூசனில் நண்பர்களுக்கு முன்னால் பிரிக்குமா? மிக்சரும் முறுக்கும் தொங்கும் அதே கம்பியில், அதே விலைக்கு, உறைப்பான ஒரு வகையும் தொங்கட்டும். ஆனால் கடுமையாக மெலிந்த பிள்ளையைத் தின்பண்டத்தை நம்பி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதற்கு மருத்துவம் வேண்டும்.