மலிவு விலை மினி ஸ்கிட் ஸ்டீர்: வாங்கியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இரண்டு, மூன்று ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியவர்களுக்கு, மண்ணையும் ஜல்லியையும் தள்ளுவண்டியில் அள்ளிக் கட்டுப்படியாகாது என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிடும். வேலிக்கம்பத்துக்குக் குழி போடுவது, புயலில் சாய்ந்த மரத்தை அப்புறப்படுத்துவது, வீட்டுப் பாதைக்கு ஜல்லி பரப்புவது என்று வேலை வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில்தான் இணைய ஏலங்களில் வரிசையாக நிற்கும் சீன மினி ஸ்கிட் ஸ்டீர்கள் கண்ணில் படுகின்றன. பின்பக்கப் படியில் நின்றபடி நெம்புகோல்களால் ஓட்டக்கூடிய, முன்னால் பக்கெட் பொருத்திய, ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இயந்திரம் அது. டோரோ, வெர்மீர், டிட்ச் விட்ச் போன்ற நிறுவனங்களின் புதிய இயந்திரம் ஒன்றுக்கு பல நேரம் 30,000 டாலரும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டியிருக்க, இவை பெரும்பாலும் 5,000 முதல் 10,000 டாலருக்குள் கிடைத்துவிடுகின்றன.

இந்த விலை வித்தியாசத்துக்கு இரும்பின் தரம் மட்டும் காரணமல்ல. பெயர்பெற்ற நிறுவனத்தின் இயந்திரத்தை விற்கும் முகவர், அதை வாடிக்கையாளரிடம் ஒப்படைப்பதற்கு முன் போல்ட்டுகளை முறுக்கி, எண்ணெய் அளவுகளைச் சரிபார்த்து, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை அளந்து, சில நிமிடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகே அனுப்புகிறார். பின்னாளில் பழுது ஏற்பட்டால் உதிரிபாகம் வைத்திருப்பதும் அவரே. மலிவு இயந்திரத்தை வாங்கும்போது அந்த முகவருக்கான கூலியை நாம் கொடுப்பதில்லை. ஆகவே அவர் செய்யும் வேலை முழுவதும் வாங்கியவர் தலையில் விழுகிறது. இந்த இயந்திரங்களைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் பாதிக்கு மேல், அந்த வேலையை யாருமே செய்யாமல் விட்டதால் வருபவை என்பது என் கருத்து.

முதல் தவறு, பெட்டியைப் பிரித்த அன்றே மண்ணில் இறக்கிவிடுவது. கப்பலிலும் லாரியிலும் வாரக்கணக்கில் அதிர்ந்து வந்த இயந்திரத்தில் சக்கர நட்டுகளும், ஹைட்ராலிக் மோட்டாரைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளும், இன்ஜின் தாங்கிகளும் தளர்ந்திருப்பது சாதாரணம். அவற்றை முறுக்குவிசை அளக்கும் ஸ்பேனரால் ஒருமுறையும், ஐந்தாறு மணி நேரம் ஓடிய பிறகு மறுமுறையும் முறுக்க வேண்டும். இன்ஜினையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகாணியைக் கழற்றி, திருகு பிடிக்கும் நீல நிறப் பசை தடவி மறுபடி மாட்டுவது பத்து நிமிட வேலைதான். அதைச் செய்யாமல் விட்டால், ஒருநாள் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, இயந்திரம் மட்டும் அசையாமல் நின்றுவிடும். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கம்பி சட்டத்தின் கூரிய விளிம்பில் உரசிக்கொண்டு போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பல இயந்திரங்களில் அந்தக் கம்பிக்கு ஃபியூஸே இருப்பதில்லை. உறை தேய்ந்து கம்பி சட்டத்தைத் தொட்டால், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கிரீஸ் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பக்கெட்டைத் தாங்கும் தூக்குக் கையின் மூட்டுகளில், கிரீஸ் செலுத்துவதற்கான சிறு முனைகளான நிப்பிள்கள் சில நேரம் பெயின்டால் மூடப்பட்டிருக்கும். மேலோட்டமாகப் பார்ப்பவர் நிப்பிள் இருக்கிறது, ஆகவே உள்ளே கிரீஸும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார். கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தும்போது மூட்டின் ஓரத்தில் புதிய கிரீஸ் பிதுங்கி வெளியே வர வேண்டும். வரவில்லையென்றால் அடைப்பு நிப்பிளில் இருக்கலாம். அல்லது கிரீஸ் போகும் துளையும், மூட்டு ஆணியைச் சுற்றியுள்ள உலோக உறையான புஷ்ஷின் துளையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் இருக்கலாம். அப்போது தூக்குக் கையை முழுவதுமாகத் தரையில் இறக்கி, ஆணியைத் தட்டிக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கிரீஸ் இல்லாத ஆணி ஒரே பருவத்தில் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்துவிடும். அதன் பிறகு பக்கெட் எந்நேரமும் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்.

அடுத்து ஹைட்ராலிக் எண்ணெய். இந்த இயந்திரத்தில் சக்கரம் சுழல்வதும், கை உயர்வதும், பக்கெட் சாய்வதும் எல்லாமே எண்ணெயின் அழுத்தத்தால் நடப்பவை. ஆகவே எண்ணெய் கெட்டால் இயந்திரம் முழுவதும் கெடும். தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெய் எந்த வகை என்பது பெரும்பாலும் எங்கும் எழுதியிருக்காது. அதைவிடக் கவலைக்குரியது எண்ணெயோடு மிதந்து வருபவை: டேங்கைப் பற்றவைத்தபோது உதிர்ந்த வெல்டிங் துகள், குழாயை அறுத்தபோது ஒட்டிக்கொண்ட இரும்புத்தூள், மூடியிலிருந்து உரிந்த பெயின்ட். பம்பின் பற்களுக்கும் அதன் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது என்பதால், கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அங்கே கீறல் போடும். முதல் 50 மணி நேரத்துக்குள் எண்ணெயை முழுக்க வடித்து, டேங்கின் அடிப்பகுதியைத் துடைத்து, உறிஞ்சுகுழாய் வலையைக் கழுவி, ஃபில்டரை மாற்றிவிட வேண்டும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் அறுத்து, அதன் மடிப்புகளை விரித்து, காந்தத்தை மேலே நகர்த்திப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டுபவை இரும்புத்துகள்கள். ஒட்டாமல் மஞ்சளாக மின்னுபவை பம்பின் புஷ்ஷிலிருந்து வந்தவையாக இருக்கலாம். இரண்டாவது வகை அடுத்த ஃபில்டரிலும் இருந்தால் புதிய பம்புக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கலாம்.

எண்ணெயைத் தேர்ந்தெடுக்கும்போது கையேடு சொல்லும் தரத்தையே பின்பற்ற வேண்டும். கையேடு தெளிவாக இல்லாத இடத்தில், மிதமான தட்பவெப்பத்துக்கு ஏடபிள்யூ 46 என்ற வகையும், மினசோட்டா போன்ற குளிர்ப்பகுதிகளின் குளிர்காலத்துக்கு ஏடபிள்யூ 32 வகையும் வழக்கத்தில் உள்ளவை. இந்த எண்கள் 40 டிகிரி செல்சியஸில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கின்றன. டெக்சஸ் கோடையில் சிக்கல் வேறு மாதிரி. டேங்க் சிறியது, சில மாடல்களில் எண்ணெயைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் போதாது, சிலவற்றில் அது இருப்பதே இல்லை. எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகத் தொடங்கும், எண்ணெயும் விரைவில் பழுதடையும். புதர் வெட்டும் இணைப்பை மதியவெயிலில் இடைவிடாமல் ஓட்டிவிட்டு, இயந்திரத்துக்கு வலுவில்லை என்று குறைசொல்பவர்கள் டேங்கின் வெப்பத்தை ஒருமுறை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹோஸ் முனைகளில் கசிவு தெரிந்ததும் குழாய்க் கடையில் கிடைக்கும் வெள்ளை டேப்பைச் சுற்றிவிடுவது மிகப் பரவலான தவறு. சீன இயந்திரங்களின் முனைகள் பெரும்பாலும் மெட்ரிக் அல்லது பிரிட்டிஷ் மரையில் இருக்கும். அமெரிக்கக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பவை 37 டிகிரி கூம்பு முனைகள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், இரண்டு மூன்று சுற்றுவரை பொருந்தவும் செய்யும். அதற்கு மேல் பலம் கொடுத்து முறுக்கினால் மரை சிதையும். இத்தகைய முனைகளில் கசிவைத் தடுப்பது மரை அல்ல, கூம்பின் முகமோ ரப்பர் வளையமோதான். ஆகவே அங்கே டேப்புக்கு வேலையே இல்லை. மாறாக, அது இழை இழையாகப் பிய்ந்து எண்ணெயோடு போய் வால்வுக்குள் சிக்கிக்கொள்ளும். கழற்றிய ஹோஸை விவசாய இயந்திரங்களுக்கு ஹோஸ் செய்துதரும் உள்ளூர்க் கடைக்கு எடுத்துப்போய், மரையை அளவுகோலால் அளந்து அதே முனையோடு புதிதாகச் செய்துவாங்குவதே சரியான வழி.

கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடுவது ஆபத்து. ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தமே தோலைத் துளைக்கப் போதும், இந்த இயந்திரங்களில் அதைப்போல் இருபது மடங்குக்கும் மேல் இருக்கும். உள்ளே புகுந்த இடத்தில் ஒரு சிறு புள்ளியைத் தவிர வேறெதுவும் தெரியாது, முதலில் பெரிய வலியும் இருக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். நீளமான அட்டைத்துண்டு ஒன்றை ஹோஸின் மீது நகர்த்தித் தேடினால், கசியும் இடத்தில் அட்டை நனைந்துவிடும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, ஹைட்ராலிக் எண்ணெய் தோலுக்குள் புகுந்திருக்கலாம் என்று அதே சொற்களில் சொல்ல வேண்டும்.

பக்கெட் நிறைய ஈரமண்ணைத் தூக்கவில்லை என்றவுடன் எண்ணெய் அழுத்தம் அளவை மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் திருகை ஒரு சுற்று முறுக்குபவர்களும் இருக்கிறார்கள். முறுக்கினால் தூக்கும் வலு கூடுவது உண்மைதான். ஆனால் பம்ப், ஹோஸ், சிலிண்டர் எல்லாமே ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு என்று செய்யப்பட்டவை. அழுத்தமானி மாட்டாமல் அந்தத் திருகைத் தொடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தூக்கும் திறனைப் பற்றி விளம்பரம் சொல்லும் எண்ணையும் அப்படியே நம்பக்கூடாது. இயந்திரம் முன்பக்கமாகக் கவிழத் தொடங்கும் எடை வேறு, பாதுகாப்பாகச் சுமக்கக்கூடிய எடை வேறு. தொழிலில் நிலைத்துவிட்ட கணக்குப்படி, சக்கர வண்டிகளுக்குக் கவிழும் எடையில் 50 விழுக்காடும், சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் வண்டிகளுக்கு 35 விழுக்காடும்தான் பாதுகாப்பான சுமை. மலிவு இயந்திரங்களின் விளம்பரத்தில் எந்த எண் தரப்பட்டிருக்கிறது என்ற விளக்கமே பல நேரம் இருக்காது. ஃபோர்க் மாட்டிப் பலகைக் கட்டைத் தூக்கும்போது சுமை இன்னும் முன்னால் தள்ளிப்போவதால் திறன் மேலும் குறையும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சரிவு. விலையைக் குறைப்பதற்காகப் பல மாடல்களில் ஓட்டத்துக்கும் தூக்குவதற்கும் சாதாரண கியர் பம்புகளையும் ஆர்பிட் வகை மோட்டார்களையுமே பொருத்துகிறார்கள். இந்த மோட்டார்களுக்குள் எண்ணெய் இயல்பாகவே சிறிதளவு நழுவிப்போகும் என்பதால், இன்ஜினை நிறுத்திவிட்டுச் சரிவில் விட்டுச்சென்றால் இயந்திரம் மெல்ல மெல்லக் கீழே நகரும். தனியாகப் பார்க்கிங் பிரேக் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். இல்லையென்றால் சமதரையில் மட்டுமே நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் அழுத்தி வைத்து, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும்.

சரிவில் ஏறும்போது கனமான முனை மேல்பக்கம் இருக்க வேண்டும் என்பது விதி. காலி பக்கெட்டோடு இருக்கும்போது கனம் பின்பக்கத்தில் இருப்பதால், டிரெய்லரின் சாய்பலகையில் பின்புறமாகவே ஏற வேண்டும். பக்கெட்டில் சுமை இருந்தால் முன்புறமாக ஏற வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்யும்போதுதான் முன்சக்கரம் அந்தரத்தில் எழும்பி, பின்னால் நிற்பவர் இயந்திரத்துக்கு அடியில் சிக்கிக்கொள்கிறார். டிரெய்லரில் ஏற்றிய பிறகு கட்டும் சங்கிலிகளின் மொத்தத் தாங்குதிறன், சுமையின் எடையில் குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும் என்கிறது வணிக வாகனங்களுக்கான கூட்டரசு விதி. சொந்த வேலைக்கு ஓட்டுபவரும் அதையே பின்பற்றுவது நல்லது.

இருபக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, டயரைத் தரையில் இழுத்துத் திரும்புவதே ஸ்கிட் ஸ்டீரின் அடிப்படை. 1957ஆம் ஆண்டில் மினசோட்டாவின் ராத்சே ஊரில் கெல்லர் சகோதரர்கள் ஒரு வான்கோழிப் பண்ணையின் நெருக்கடியான கொட்டகையைச் சுத்தம் செய்யச் சிறு லோடர் ஒன்றை உருவாக்கியதிலிருந்து தொடங்கும் வம்சம் இது. நின்ற இடத்திலேயே திரும்பும் வசதி கொட்டகைக்குள் வரம், தார்ச்சாலையிலும் புல்தரையிலும் நாசம். ரப்பர் பட்டை உள்ள வண்டியென்றால், ஜல்லிமேல் அப்படிச் சுழலும்போது கற்கள் உருளைகளுக்கு இடையே புகுந்து பட்டை கழன்றுவிடும். மூன்று சிறு திருப்பங்களாகத் திரும்பப் பழகிக்கொள்வதே சிக்கனம்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர், குபோட்டா போன்ற பழகிய பெயரில் இன்ஜின் இருந்தால் அதற்கு உள்ளூரிலேயே பாகம் கிடைக்கும். கூடுதலாகச் சில நூறு டாலர் கொடுத்தாவது அதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் சான்று குறித்த நிரந்தர ஒட்டுச்சீட்டு இன்ஜினில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சான்றில்லாத இன்ஜினோடு வரும் இயந்திரத்தைச் சுங்கத்துறை தடுத்து நிறுத்திவிட முடியும். முதல் இன்ஜின் எண்ணெய் மாற்றத்தைப் பல சிறு பெட்ரோல் இன்ஜின்களின் கையேடுகள் 5 முதல் 20 மணி நேரத்துக்குள் கேட்கின்றன. எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் விட்டுவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

குழி போடும் ஆகரோ அகழி வெட்டும் இணைப்போ வாங்கும்போது, மாட்டும் தட்டின் அளவை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடக்கூடாது. இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் தருகிறது, இணைப்புக்கு எத்தனை லிட்டர் தேவை என்பதும் ஒத்துப்போக வேண்டும். பெரிய ஸ்கிட் ஸ்டீருக்கான இணைப்பை மினியில் மாட்டினால் சுழலும், ஆனால் மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். அமெரிக்காவில் எந்த இடத்தில் தோண்டுவதாக இருந்தாலும், சில நாட்களுக்கு முன்பே 811 என்ற எண்ணை அழைத்து, நிலத்தடி மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகும் இடங்களை அடையாளமிட்டுத் தரச் சொல்ல வேண்டும். அதற்கு நம்மிடம் கட்டணம் வாங்குவதில்லை.

உதிரிபாகத்துக்கு விற்றவரையே நம்பியிருப்பது பலர் தாமதமாக உணரும் தவறு. ஏலத்தில் விற்றவர் அடுத்த ஆண்டு அதே பெயரில் கடை நடத்துவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் இந்த இயந்திரங்களின் பெரும்பாலான பாகங்கள் பொதுச்சந்தையில் கிடைக்கும் தர அளவிலேயே இருப்பவை. பேரிங்கின் விளிம்பில் பொறித்த எண், எண்ணெய் சீலின் முகத்திலுள்ள மூன்று அளவுகள், பம்ப், மோட்டார் ஆகியவற்றின் பெயர்த்தகடு இவற்றைக் கையில் வைத்திருந்தால், பேரிங் கடையிலும் ஹைட்ராலிக் கடையிலும் அதற்கு ஈடானதைக் கேட்டு வாங்கிவிடலாம். பெயர்த்தகடுகள் பெரும்பாலும் மெல்லிய அலுமினியத்தாலும் காகித ஒட்டுச்சீட்டாலும் ஆனவை. பிரஷர் வாஷரால் இரண்டு முறை கழுவினாலே எழுத்து போய்விடும் என்பதால், அவற்றைப் புகைப்படம் எடுத்துவைக்கும் வேலையை முதல் முறை கழுவுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.