கடற்கரைக் காரின் ஸ்டீரியோவில் இரைச்சலா? மூலத்தைக் கண்டறியும் முறை

பாம்பனுக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே அடிக்கடி ஓடும் காரில், பாட்டோடு சேர்ந்து மெல்லிய ஊளைச் சத்தமும் கேட்டால், நான் முதலில் பார்ப்பது ஆம்ப்ளிஃபயரின் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) எர்த் ஒயரைக் காரின் உலோகத்தோடு இணைக்கும் எர்த் போல்ட்டைத்தான். உப்புக்காற்றின் ஈரம் போல்ட்டுக்கும் காரின் உலோகத்துக்கும் நடுவே புகுந்து துருவை வளர்க்கிறது. துருவினால் தடை கூடி, ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு தோன்றினால், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னலைகள், ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுசெல்லும் ஆர்.சி.ஏ. கேபிள் வழியாக ஸ்பீக்கரை அடைகின்றன.

முதலில் காதால் சோதியுங்கள். வண்டியைத் திறந்த வெளியில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை இயக்காமல் பாட்டை ஓடவிட்டுக் கேளுங்கள். பிறகு எஞ்சினை இயக்கி, ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். வேகத்தோடு ஊளையின் சுருதியும் ஏறினால், அது ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பெட்ரோல் வண்டியில் 'டிக் டிக்' என்று கேட்டால் ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்கள். எஃப்.எம்.மில் மட்டும் இரைந்தால் ஆன்டெனாவையும், போன் சார்ஜரைச் செருகும்போது மட்டும் இரைந்தால் சார்ஜரையும் சந்தேகிக்கலாம்.

அடுத்து, ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஆர்.சி.ஏ. கேபிளைப் பிடுங்கி, மீண்டும் இயக்குங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது கேபிள் வழியாகத்தான் நுழைகிறது, எர்த் வேறுபாடும் இந்த வழியில்தான் வரும். நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரையும் அதன் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகி, எஞ்சின் ஓட, பாட்டு உரக்க ஒலிக்க, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனையிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.2-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் போல்ட்டின் அடியிலும் துரு இருப்பதுண்டு என்பதால், இந்த அளவீட்டைத் தவிர்க்க வேண்டாம்.

சரிசெய்வதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். போல்ட்டை எடுத்து, அந்த இடத்தின் துருவையும் பெயிண்டையும் வெற்று உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, களிம்பேறிய கம்பி முனையை வெட்டிப் புது முனை பொருத்தி, இறுக்கிய பின் மேலே வாசலின் பூசுங்கள்.

அப்போதும் ஊளை நிற்காவிட்டால், பவர் ஒயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கமாக ஓடுகின்றனவா என்று பார்த்து, ஒன்றை மறுபக்கம் மாற்றுங்கள். இரைச்சலைத் தடுக்கும் ஃபில்டர் வாங்குவது இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில் அதே போல்ட்டை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது என் வழக்கம்.