கானாடுகாத்தானிலிருந்து சைக்கிளில் செட்டிநாடு: வழிகாட்டியோடு சுற்றுபவர்களுக்கு

செட்டிநாட்டில் நீங்கள் பார்க்க வரும் வீடுகளில் பெரும்பாலானவை பூட்டியிருக்கும். ஒரே வீட்டில் பத்து இருபது பங்காளிகளுக்குப் பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் கோலாலம்பூரில். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது விசேஷம் வந்தால்தான் எல்லாரும் கூடுவார்கள். மற்ற நாளெல்லாம் சாவி ஒரு காவல்காரரிடமோ, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு ஆச்சியிடமோ இருக்கும். அந்தச் சாவி யாரிடம், அவரை எந்த நேரத்தில் போய்க் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார் என்று தெரிந்தவரே வழிகாட்டி. அதற்குத்தான் காசு. பாதை காட்ட ஆள் வேண்டாம், கைபேசி போதும்.

அதனால் வழிகாட்டியைப் பேசி முடிக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: நாளைக்கு எந்தெந்த வீட்டுக்குள் போகிறோம்? “எல்லாம் பாத்துரலாம் சார்” என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். “அந்த வீட்ல நாளைக்கு விசேஷம், விட மாட்டாங்க. பக்கத்துல இன்னொரு வீடு இருக்கு, காவல்காரர்ட்ட சொல்லி வைக்கிறேன்” என்பவர் விஷயம் தெரிந்தவர். அடுத்து, ஆத்தங்குடியில் கல் (தரையில் பதிக்கும் வண்ண டைல்) போடும் பட்டறை நாளைக்கு ஓடுமா என்று கேளுங்கள். கடைசியாக, மாற்று டியூப் எத்தனை கொண்டுவருவார் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு அவர் சிரித்தால், முள்ளில் சைக்கிள் ஓட்டிப் பழக்கமில்லாதவர் என்று பொருள்.

கூட்டம் எட்டுப் பேருக்கு மேல் போகக் கூடாது. முன்னால் வழிகாட்டி, கடைசியில் பழக்கப்பட்ட ஒருவர். திருப்பம் ஒவ்வொன்றிலும் முன்னால் போகிறவர் நின்று தலையை எண்ண வேண்டும். செட்டிநாட்டுத் தெருக்கள் கட்டம் கட்டமாக, நேர்நேராகப் போகும். எல்லாச் சுற்றுச்சுவரும் ஒரே மாதிரி நீளமாக இருக்கும். ஒரு குறுக்குச் சந்தைத் தவறவிட்டால், பின்னால் வருபவர் அடுத்த ஊரணிக் கரையில் போய் நிற்பார்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மிக நன்று. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை; செம்மண் பாதைகள் வழுக்கும். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். வேறு வழியில்லாமல் வந்துவிட்டால் காலை 5.45க்குக் கிளம்பி 8.30க்குள் திண்ணையில் உட்கார்ந்துவிடுங்கள். குளிர்காலத்தில் 6.30க்குக் கிளம்பினால் 10.30 வரை தாராளமாக ஓட்டலாம். பிறகு மாலை 4 மணிக்கு மேல்.

மார்கழியில் வருபவர்களுக்கு ஒரு சொல். விடியற்காலையில் வாசலெல்லாம் கோலம். அதன்மேல் டயரை ஏற்றிவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். தெரு நடுவில் ஓட்டினாலே போதும், அந்நேரத்துக்கு வண்டி வராது.

சைக்கிளை எடுக்கும்போது

விடுதிகளில் தரும் சைக்கிளை ஐந்து நிமிடம் சோதித்துவிட்டு ஏறுங்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் மடங்காமல் நேராக நின்றால் உயரம் சரி. விரல்பகுதியால் மிதிக்கும்போது தேவையான சிறு மடிப்பு தானாக வரும். சீட்டு தாழ்ந்திருந்தால் பத்தாவது கிலோமீட்டரில் முழங்கால் சொல்லும்.

முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளுங்கள். பின் சக்கரம் லேசாகத் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியானால் செயினில் துரு இருக்கும், எண்ணெய் விடச் சொல்லுங்கள். செயின் கவர் இல்லாத வண்டியைப் புடவை, வேட்டி, துப்பட்டாவோடு எடுக்காதீர்கள். பெல் கட்டாயம் வேண்டும். ஆடும் மயிலும் அதற்குத்தான் நகரும்.

காற்று: 26 இஞ்ச் சக்கரத்தில் இரண்டு இஞ்ச் அகல டயர் என்றால் தார்ச்சாலைக்கு 45 பிஎஸ்ஐ, செம்மண் பாதைக்கு 35. பழைய கறுப்புச் சைக்கிளில் வால்வுக்குள் வால் டியூப் என்று ஒரு சின்ன ரப்பர்க் குழாய் இருக்கும். அது வெயிலில் காய்ந்து விரிந்தால், பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வையுங்கள். குமிழி வந்தால் கோளாறு அங்கேதான். இரண்டு ரூபாய் சமாச்சாரம். தெரியாதவர் டியூபையே கழற்றிக்கொண்டிருப்பார்.

முள்

செட்டிநாட்டுச் சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி சீமைக் கருவேலம். விறகு ஏற்றிய டிராக்டர் போன சாலையில் மிலாறுகள், அதாவது சிறு சுள்ளிகள், சிதறிக் கிடக்கும். அதன் முள் டயரில் ஏறினால் டப்பென்று வெடிக்காது. முனை ஒடிந்து ரப்பருக்குள்ளேயே தங்கி, டியூபை மெதுவாகக் குத்திக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் கழித்துத்தான் பின் சக்கரம் குழைவது தெரியும். ஒட்டியும் மறுபடி பஞ்சராவது இதனால்தான்: டியூபை ஒட்டிவிட்டு, டயரில் இருக்கும் முள்ளை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. சக்கரத்தைக் கழற்றும் முன் வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டியூபை எடுத்துக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாண் என்று அளந்து, அதே அளவில் டயரின் உட்புறத்தைத் தடவுங்கள். வால்வுக்கு இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும், டியூப் திரும்பியிருக்கலாம். விரலால் நேரடியாகத் தடவினால் முள் விரலில் ஏறும். துணியை வைத்துத் தடவினால் நூல் சிக்கி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். குறடு அல்லது நகவெட்டியால் முள்ளை இழுத்தெடுங்கள். பிறகு டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, கையில் ஒட்டாத அளவு காயவிட்டு, அதன் பிறகு ஒட்டு ரப்பர்த் துண்டை வைத்து அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வெயிலில் பெயர்ந்துவிடும்.

வழியில் இவ்வளவும் செய்ய நேரமில்லை. முள்ளை மட்டும் எடுத்துவிட்டு மாற்று டியூபைப் போடுங்கள். ஒட்டுவதை ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். நான்கு பேருக்கு இரண்டு டியூப், ஒரு பம்பு, இரண்டு டயர் நெம்பி இருந்தால் போதும். நிழலுக்காகச் சைக்கிளைக் கருவேல மரத்தடியில் மட்டும் நிறுத்தாதீர்கள்.

முதல் நாள்: ஊருக்குள்ளேயே

கானாடுகாத்தானைச் சுற்ற நான்கு கிலோமீட்டர் மிதித்தால் போதும், ஆனால் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ராஜா அண்ணாமலை செட்டியாரின் அரண்மனை அந்தக் குடும்பத்தின் சொந்த வீடு. உள்ளே போகலாம் என்று எண்ணி வராமல், எதிரில் நின்று முகப்பைப் பாருங்கள். அங்கிருந்து பக்கவாட்டுச் சுவரை ஒட்டியே மிதித்துப் போங்கள். செட்டிநாட்டு வீட்டின் நீளம் நடந்து போனால் அலுப்பாகத்தான் தெரியும், காரில் போனால் தெரியாமலே போய்விடும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இடையில் முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று எல்லாம் ஒரே நேர்கோட்டில். பின்தெருவுக்குப் போய்விட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்பது எங்கள் கட்சி. அப்போதுதான் வளவில் நிற்கும்போது எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பிடிபடும்.

உள்ளே போகும்போது சில முறைகள். சைக்கிளைத் திண்ணைத் தூணில் சாய்க்கக் கூடாது; தூண் பர்மாத் தேக்கு, ஹேண்டில்பார் கீறினால் கீறியதுதான். சுவரிலும் சாயக் கூடாது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் சேர்த்து இழைத்த பூச்சு அது. கையால் தொட்டால் பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். வியர்த்த முதுகோடு சாய்ந்தால் கறை நிற்கும். செருப்பை வெளியே விடுங்கள். ஆச்சி யாராவது இருந்தால் முதலில் அவரிடம்: “ஆச்சி, உள்ள வந்து பாக்கலாமா?” படம் எடுக்கத் தனியாகக் கேளுங்கள், சாமி வீட்டுப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். சில வீடுகளில் நுழைவுக்கட்டணம் உண்டு. மற்ற இடங்களில் கதவு திறந்தவர் கையில் கொடுக்க ஐம்பது, நூறு ரூபாய் நோட்டுகள் வைத்திருங்கள். ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை அங்கே கிடைக்காது.

வளவில் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கீழேயும் பாருங்கள். நான்கு புறக் கூரையிலிருந்தும் விழும் மழைநீர் முற்றத்துக்கு வந்து, தெரு வாய்க்காலில் கலந்து, ஊரணிக்குப் போகும். வெளியே வந்ததும் அந்த வாய்க்காலின் போக்கிலேயே ஊரணி வரை மிதிக்கச் சொல்லி வழிகாட்டியைக் கேளுங்கள். மழை குறைந்த ஊரில் இவ்வளவு பெரிய வீடுகள் எப்படித் தண்ணீருக்குச் சமாளித்தன என்பது அந்தச் சின்னப் பாதையில் புரியும். பல சுற்றுலாக்களில் இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் நாள்: ஆத்தங்குடி

போக ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர். நிதானமாக மிதித்தால் ஐம்பது நிமிடம். காலைப் பலகாரம் கனமாக வேண்டாம். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் எதிரே வந்தால் நிறுத்துவது கஷ்டம்தான். நான்கோடு எழுந்துவிடுங்கள், மிச்சத்தைத் திரும்பி வந்து சாப்பிடலாம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். வழியில் மோர் கிடைத்தால் உப்புப் போட்டு வாங்கிக் குடியுங்கள். கழிப்பறையை விடுதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வழியில் நம்ப முடியாது. ஊர் எல்லையில் நாய்கள் துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் ஐம்பது அடியில் அவற்றுக்கு ஆர்வம் போய்விடும்.

பட்டறைக்குப் பத்து மணிக்கு முன் போய்ச் சேருங்கள். அப்போதுதான் கல் போடும் வேலையைப் பார்க்கலாம், மதியம் போனால் காய வைத்த அடுக்குதான். வேலை இப்படி நடக்கும். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டை வைத்து, கட்டம் கட்டமாகக் கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஊற்றி முடிந்ததும் தகட்டை ஒரே தூக்காகத் தூக்க வேண்டும். கை சற்று ஆடினால் சிவப்பு மஞ்சளில் கலந்துவிடும், கல் வீண். கோடுகள் நடுங்காமல் நின்றுவிட்டால், மேலே உலர்ந்த சிமெண்டு மணலைத் தூவுகிறார்கள். அது ஈரத்தை உறிஞ்சி வண்ணத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவது கடைசி வேலை. காய்ந்தபின் தொட்டியில் நீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்தால் கண்ணாடி விட்டுக்கொடுக்கும். சூளை கிடையாது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது.

உங்களையும் ஒரு கல் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். போடுங்கள், ஆனால் அன்றைக்கே எடுத்துப் போக முடியாது. விற்பனைக் கல்லிலும் எட்டு இஞ்ச் கல் ஒன்றே ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. பத்துக் கல்லைக் கேரியரில் கட்டினால் வண்டி தள்ளாடும், மூலை உடையும். காரைக்குடியிலிருந்து லாரி பார்சலில் போடச் சொல்லி முகவரி கொடுத்துவிட்டு வாருங்கள். தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவது நல்லது. வண்ணத்தைக் கையால் கலப்பதால் அடுத்த தடவை அதே நிறம் கிடைக்காது.

காரைக்குடிப் பக்கம்

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி சுமார் பதினைந்து கிலோமீட்டர். திருச்சி–ராமேஸ்வரம் நெடுஞ்சாலையைத் தவிர்த்து, வழிகாட்டியைப் பள்ளத்தூர், கோட்டையூர் வழியாகக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் எல்லாரும் இறங்கி, ஒன்றாகத் தள்ளிக்கொண்டு கடக்க வேண்டும். கோட்டையூர் வள்ளல் அழகப்பர் 1909இல் பிறந்த ஊர். ரோஜா முத்தையா தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்துவைத்ததும் இங்கேதான். அந்தச் சேகரம் இப்போது சென்னையில் இருக்கிறது.

காரைக்குடிக்குள் சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடப்பதே மேல். ஆயிரம் ஜன்னல் வீட்டை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். பழைய எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, மரத்தூண், பெல்ஜியம் கண்ணாடி என்று கடை கடையாகக் கிடக்கும். இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை இவற்றில் நிறைய. காலையில் ஒரு வளவில் பார்த்த தூணின் ஜோடி இங்கே விலைச்சீட்டோடு சாய்ந்திருப்பதைப் பார்க்க நேரலாம். புடவை வாங்குபவர்கள் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியைத் தறிக்காரரிடமே கேளுங்கள்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடியைச் சைக்கிளில் சேர்க்க ஆசைப்படுபவர்கள் உண்டு. மிதிக்கும் தூரம்தான், ஆனால் பேருந்துகள் பறக்கும் சாலை. மதியம் நடையும் சாத்திவிடுவார்கள். அதைப் பேருந்துக்கு விட்டுவிடுங்கள்.

மாலையில் திரும்பும்போது ஆறரைக்குள் இருட்டிவிடும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. இரண்டையும் காலையிலேயே எரியவிட்டுப் பாருங்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்கும்போது முள் ஏறிய டயரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் மறுநாள் காலை அதை எடுக்கிறவர் ஆத்தங்குடிச் சாலை நடுவில் உருட்டிக்கொண்டு நிற்பார்.