விமானப்படை விமானிப் பயிற்சி: நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் விடியுமுன் ஓடிப் பழகும் இளைஞர்களில் சிலருக்குப் போர் விமானி ஆக வேண்டும் என்பதே கனவு. ஓட்டமும் தண்டாலும் தேவைதான். ஆனால், முதல் தவறு அதற்கு வெகு முன்பே, பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கும்போது நடந்துவிடுகிறது. மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்கள், பிறகு எவ்வளவு உழைத்தாலும் தேசியப் பாதுகாப்பு அகாதமி வழியாக விமானப்படைக்குள் நுழைய முடியாது. உடல் அளவுகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். கால் நீளம் 99 முதல் 120 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற வரம்புகள், விமானி அறையின் அளவை ஒட்டி வகுக்கப்பட்டவை.

விமானப்படைத் தேர்வு வாரியத்துக்குக் கிளம்பும்போது இன்னொரு தவறு நேர்கிறது. திருநெல்வேலியிலிருந்து, அவ்வாரியங்களில் ஒன்று இருக்கும் டேராடூனுக்கு ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். தேர்வு நாளன்று காலையில் போய் இறங்கும்படி டிக்கெட் எடுப்பவர், அலுப்போடுதான் தேர்வை எதிர்கொள்வார். கண், கை, கால் ஆகியவற்றின் ஒத்திசைவைச் சோதிக்கும் சி.பி.எஸ்.எஸ். என்னும் கணினித் தேர்வில் தவறியவருக்கு மறுவாய்ப்பே கிடையாது என்பதால், ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்து நன்றாகத் தூங்குவதே அறிவு.

பயிற்சி தொடங்கிய பின், என் பார்வையில் மிகப் பெரிய தவறு, புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்வது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் தலையாட்டும் வழக்கத்தில் வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது எளிதில் வந்துவிடுகிறது. ஹைதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாதமியில் அடிப்படைப் பயிற்சிக்குப் பயன்படும் பிலாட்டஸ் பி.சி.-7 விமானத்தில் மாணவர் முன்னாலும் பயிற்றுநர் பின்னாலும் அமர்கிறார்கள். மாணவரின் முகம் பயிற்றுநருக்குத் தெரியாது. ஆகவே தலையாட்டுவதற்கு அங்கே பொருளே இல்லை. ‘புரியவில்லை சார், இன்னொரு முறை காட்டுங்கள்’ என்று வாய் திறந்து சொல்பவரே அடுத்த பறத்தலில் முன்னேறுகிறார்.

நடைமுறைகளை வாயால் மட்டும் மனப்பாடம் செய்வதும் தவறே. பகலில் உடற்பயிற்சி, அணிவகுப்பு, வானிலையியல், காற்றியக்கவியல், வழிகாண் பயிற்சி, பறத்தல் என்று எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடுவதால், ஒத்திகைக்கு மாலையும் முன்னிரவும்தான் மிஞ்சும். நன்றாகத் தேறுபவர்கள் விமானி அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு அமர்ந்து, இடது கையால் இல்லாத த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) தள்ளி, சக்கரத்தை ஏற்றும் நெம்புகோலைத் தொட்டு, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சத்தமாகவே சொல்லிப் பழகுகிறார்கள். இவ்வளவையும் தூக்கத்தைக் குறைத்துச் செய்யலாம் என்று எண்ணக்கூடாது. தூக்கம் கெட்டால், மேலே அரை நிமிடத்துக்குள் எடுக்க வேண்டிய முடிவு தாமதமாகும்.

சளியை மறைத்துக்கொண்டு பறப்பது ஆபத்து. மூக்கும் காதும் அடைத்திருக்கையில் விமானம் இறங்கினால், வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது நடுக்காதில் அதற்கு ஈடாக அழுத்தம் ஏறாமல் கடும் வலி உண்டாகும். செவிப்பறை கிழியவும் கூடும். மருந்துக்கடை மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம்; சளி மாத்திரைகள் பலவும் தூக்கம் வரவழைப்பவை. படைப்பிரிவு மருத்துவரிடம் சொல்லி ஓரிரு நாள் பறக்காமல் இருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. முதல் சில பறத்தல்களில் வரும் குமட்டலும் அப்படித்தான். பலருக்கும் வருவது, பெரும்பாலோருக்குப் பழகப் பழக நின்றுவிடும். அதை மறைத்தால்தான் சிக்கல்.

வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காப்பியோடு கிளம்பும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். விமானம் கூர்மையாகத் திரும்பி விசை 4ஜி-யை, அதாவது புவியீர்ப்பைப்போல் நான்கு மடங்கை, எட்டும்போது, 70 கிலோ எடையுள்ளவர் 280 கிலோ கனப்பதுபோல் உணர்வார். தலையிலிருந்து இரத்தம் கீழிறங்கிப் பார்வை மங்கத் தொடங்கும். தண்ணீரும் உணவும் குறைந்த உடலில் இது இன்னும் சீக்கிரம் நிகழும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பயிற்சி முடியுமுன்பே ஊரெங்கும் ‘எங்கள் வீட்டு விமானி’ என்று சொல்லிவிடுவதால், தடுமாறும் பிள்ளை அதை வீட்டுக்கும் சொல்ல அஞ்சுகிறான். மகளாக இருந்தால் அந்தச் சுமை இரட்டிப்பாகிறது. பறத்தலிலிருந்து நிறுத்தப்படுபவர்களைத் தரைப்பணிப் பிரிவுகளுக்கு மாற்றுவது குறித்துப் பரிசீலிக்கும் வழக்கம் விமானப்படையில் உண்டு. இதை முன்பே தெரிந்துகொண்டு, அனுப்பிவைக்கும் நாளிலேயே பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.