ஆளை எடைபோடுவதில் புது சூப்பர்வைசர்கள் செய்யும் தவறுகள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் புதிதாக லைன், அதாவது தையல் மெஷின் வரிசை ஒன்றின் பொறுப்பேற்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கத்தாதீர்கள், பத்துப் பேர் முன்னால் திட்டாதீர்கள், சொந்தக்காரருக்குச் சலுகை காட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரிந்தே செய்கிற தப்புகள். நாங்கள் லைன் பார்த்த காலத்துக் கூத்தையே இன்றைய பிள்ளைகளும் தெரியாமல் ஆடுகிறார்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாரத்திலேயே முத்திரை குத்துவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது.

ஒரு கம்பெனியில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் ஓவர்லாக் டெய்லராகச் சேர்ந்தார். டி-சர்ட்டுக்குத் தோள்பட்டை மூட்டும் வேலை. சேர்ந்த புதிதில், வெட்டிய துணிகளைக் கட்டிய ஒரு பண்டலில் சைஸ் கலந்துவிட்டது. "இது தேறாது" என்று சூப்பர்வைசர் முடிவு கட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் நிற்கும் இடம் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால்தான். பக்கத்து மெஷினில் நூல் அறுந்தால் நூல் சரியில்லை. இந்த மெஷினில் அறுந்தால் கை சரியில்லை. வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

ஒரு நாள் ஊசி முனை மழுங்கிவிட்டது. பின்னல் துணியில் நல்ல ஊசி கண்ணிகளை விலக்கிக்கொண்டு இறங்கும். மழுங்கிய ஊசி நூலை அறுத்துக்கொண்டு இறங்கும். தையலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தால்தான் கடுகளவு ஓட்டை தெரியும். துவைத்த பிறகு அது ஓடி விரியும். புது ஊசி வேண்டுமென்றால் பழையதை சூப்பர்வைசரிடம் ஒப்படைத்து, நோட்டில் பதிந்துதான் வாங்க வேண்டும். உடைந்த துண்டு ஆடைக்குள் போய்விடக் கூடாது என்பதற்கான விதி அது, நல்ல விதிதான். மெஷின் சத்தம் மாறியது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் போய்க் கேட்டால் "ஊசியையும் உடைத்துவிட்டாயா?" என்று வருமே! கேட்காமலே மாலை வரை தைத்தார்.

செக்கிங் மேசையில் அத்தனையும் நின்றுபோயின. ஓட்டை விழுந்த துணியைப் பிரித்துத் தைத்துப் பயனில்லை. புதிதாகத் துணி வெட்டித் தைத்து முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. சரக்கு விமானத்தில் போனது, கட்டணம் கம்பெனி தலையில். சூப்பர்வைசர் சொன்னது: "நான்தான் அன்றைக்கே சொன்னேனே, இது தேறாதென்று."

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். அவர் பார்த்த பார்வை அந்தப் பெண்ணை வாயடைக்க வைத்தது. வாயடைத்ததால் வந்த நஷ்டம் அவருடைய பார்வைக்கே சாட்சியாகிவிட்டது. தான் சரியாகக் கணித்ததாக அவர் இன்னும் நம்பிக்கொண்டிருப்பார்.

இது நேர்மாறாகவும் நடக்கும். இஸ்ரேல் ராணுவப் பயிற்சி ஒன்றில் டோவ் ஈடன் என்ற ஆய்வாளர், சில வீரர்களைத் திறமை மிக்கவர்கள் என்று பயிற்சியாளர்களிடம் சொல்லிவைத்தார். உண்மையில் அவர்கள் குலுக்கல் முறையில் பொறுக்கப்பட்டவர்கள். பயிற்சி முடிவில் அவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். 1982இல் வெளியான ஆய்வு.

அதனால் ஒருவரைத் தேறாதவர் என்று சொல்லும் முன், இன்னொரு டெய்லரை அந்த மெஷினில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அதே குறை வந்தால் கோளாறு மெஷினில். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

வேகமாகத் தைப்பவர் எல்லாவற்றிலும் கெட்டிக்காரர் என்று நம்புவது

எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920லேயே இதை எழுதிவிட்டார். வீரர்களுக்கு மதிப்பெண் போட்ட ராணுவ அதிகாரிகள், உடல்வாகு நன்றாக இருந்தவர்களுக்கு அறிவு, தலைமை, குணம் எல்லாவற்றிலும் சேர்த்தே அள்ளிக்கொடுத்திருந்தார்கள். நம் ஊரில் பீஸ் கணக்கில் முதலில் நிற்பவரைப் புதியவர்களுக்குப் பழக்க அனுப்புகிறோம். அவருக்குக் கை ஓடும், சொல்லிக்கொடுக்க வாய் வராது.

சிரிக்காதவர் திமிர் பிடித்தவர்

தமிழ் புரியாதவராக இருக்கலாம். கேளுங்கள்.

ஊரை வைத்து ஆளை முடிவு செய்வது

கூடாது. அவ்வளவுதான்.

தன் பகுதியின் கண்ணால் மட்டும் பார்ப்பது

காலைக் கூட்டத்தில் உற்பத்தி ஏன் குறைந்தது என்று கேட்டுப் பாருங்கள். தையல்காரர் கட்டிங்கைச் சொல்வார், கட்டிங்காரர் துணி வரவில்லை என்பார், மனிதவளத்துறையோ வேலைக்கு ஆள் வரவில்லை என்று பதிவேட்டைக் காட்டும். யாரும் பொய் சொல்வதில்லை. டியர்பார்ன், சைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1958இல் வெளியான ஆய்வில் 23 மேலாளர்களிடம் ஓர் உருக்கு ஆலையின் நிலவரத்தைப் படிக்கக் கொடுத்து, முக்கியப் பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். விற்பனைத் துறையிலிருந்து வந்த 6 பேரில் 5 பேர் விற்பனை என்றார்கள்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் இந்த வாக்குவாதம் டீ வரும்வரை ஓடும். நான் அந்தக் கூட்டத்தை லைனின் முதல் மெஷின் அருகே நின்றபடி நடத்தச் சொல்கிறேன். கட்டிங்கிலிருந்து பண்டல் வந்திருக்கிறதா, வந்தும் தைக்க ஆளில்லாமல் கிடக்கிறதா என்பது அங்கே எல்லார் கண்ணுக்கும் ஒன்றாகவே தெரியும்.