ராட்டின வரிசைக்கு ஓர் ஈரத் துண்டு

பெங்களூரில் ஏப்ரல் வெயில் சுட்டாலும் காற்று வறண்டே இருக்கும். அதுதான் நமக்குச் சாதகம். பிடதியில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு மெல்லிய ஈரோட்டுத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். டர்க்கி டவல் வேண்டாம், வீண் சுமை. துண்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பின்கழுத்தில் ஒட்டும்படி போடுங்கள். ஈரம் ஆவியாகும்போது உடல் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஓரம் காய்ந்து விறைத்ததும் மறுபடி நனையுங்கள். புழுக்கமான சென்னையில் இதே துண்டு பாதி வேலைதான் செய்யும்; என் மாமியார் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டார். ராட்டினத்தில் ஏறும்முன் மட்டும் துண்டைப் பைக்குள் திணித்துவிடுங்கள்; கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது.

நிழலில்லாத வரிசைகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, உச்சிவெயிலில் தண்ணீர் விளையாட்டுக்குப் போங்கள்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள். பிடதியில் தட்டு இட்லிக்கு இறங்குகிறவர்கள் உப்புப் போட்ட மோரையும் விடாதீர்கள். குழந்தைக்குத் தலை சுற்றினாலோ குமட்டினாலோ, வரிசையில் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் உடனே நிழலுக்கு வந்துவிடுங்கள். இடம் போய்விடுமே என்று கணக்குப் பார்க்கும் அப்பாக்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.